கசப்புக்கெல்லாம் ஒரே சொந்தக்காரர்

பாக்கனூர் ராஜா மல்லிநாதராயர் சபையில் மருதப்பர் என்று ஒரு வழக்காடி இருந்தார். வாய் இருக்கிறதே, அப்பப்பா! ஆனால் எழுத்தால்தான் மாட்டிக்கொண்டார்.

அந்த ஊரில் ஒரு சட்டம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு ராஜா செப்புப் பட்டயம் தருவார். அப்புறம் அதை வேறு யாரும் செய்யக்கூடாது. அமிர்தலிங்க வைத்தியர் காய்ச்சலுக்குக் கஷாயம் கண்டுபிடித்ததாக வந்து நின்றபோது, பட்டயத்தை எழுதிக் கொடுத்தவர் மருதப்பர். 'கசப்பான எதையும் கொதிக்கவைத்துக் காய்ச்சலுக்குக் கொடுப்பது' என்று ஒரேயடியாக வளைத்துப் போட்டுவிட்டார். "காக்கா குருவிகூட உள்ளே நுழைய முடியாது!" என்று பெருமை வேறு.

ஐப்பசியில் ஊரெல்லாம் காய்ச்சல். வைத்தியரின் மருந்து பத்துப் பேருக்குக்கூடப் போதவில்லை. வேப்பம்பட்டையைக் காய்ச்சிக் கொடுத்த செல்லத்தாயையோ அவர் பட்டயத்தைக் காட்டிச் சிறையில் போடவைத்துவிட்டார்.

ராஜா மருதப்பரைக் கூப்பிட்டார். "கொடுத்த பட்டயத்தை நானே பிடுங்கினால் என் வாக்கு என்னாவது? எழுதியவர் நீர், வழியும் நீரே பாரும். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் செல்லத்தாய்க்குப் பக்கத்து அறை உமக்கு."

மருதப்பர் பட்டயத்தின் நகலை ஏழு தடவை படித்தார். ஒரு ஓட்டை இல்லை. "அடப்பாவி! இவ்வளவு நன்றாகவா எழுதித் தொலைப்பாய்?" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். குட்டிய இடத்தில் என்ன தோன்றியதோ, அரண்மனை மடைப்பள்ளிக்கு ஓடினார்.

சாயங்காலம் சபையில் இரண்டு கிண்ணங்களை வைத்தார்.

"வைத்தியரே, இது செல்லத்தாயின் வேப்பம்பட்டை. உங்களுடையதா?"

"கசக்கிறது. கொதித்திருக்கிறது. என்னுடையதுதான்!"

"இது? யோசித்துச் சொல்லுங்கள். உங்களுடையது இல்லை என்று சொன்னால் ஊரே இதைக் காய்ச்சிக் குடிக்கும்."

வைத்தியர் ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. "சந்தேகமே இல்லை, என்னுடையது! எந்தத் திருட்டுப் பயல் காய்ச்சினான்?"

"பெரிய இடம், வைத்தியரே. மகாராஜா, தாங்களும் ஒரு மடக்கு..."

ராஜா வாயில் வைத்ததுதான் தாமதம். "ஐயோ! ஏழு வயதில் காய்ச்சலுக்கு என் அம்மா மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே சனியன்!" என்று அலறினார்.

"மடைப்பள்ளியில் இன்றும் அதே பக்குவம், மகாராஜா. தங்களுக்கு வயது ஐம்பது. வைத்தியருக்கு முப்பது. அவர் பிறக்குமுன்பே தாங்கள் குடித்ததை அவர் எப்படிப் புதிதாகக் கண்டுபிடித்தார்?"

பட்டயம் செல்லாமல் போயிற்று. செல்லத்தாய் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அடுப்பு மூட்டப் போனாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சால்வையைப் போர்த்திவிட்டு, "மருதப்பரே, இனிமேல் நீர் பட்டயம் எழுதவே வேண்டாம். உடைக்கிற வேலையை மட்டும் பாரும்" என்றார்.

மருதப்பர் பதறிப்போனார்.

"மகாராஜா, நான் எழுதாவிட்டால் உடைக்கிற மாதிரி எனக்கு எது கிடைக்கும்?"