கேளையாட்டின் தொண்டையில் எலும்பு

ஒரு காட்டில், குழந்தைகளே, சில மாதங்களாக ஒரே ஒரு தொண்டையைப் பற்றித்தான் பேச்சு.

அந்தத் தொண்டை தவிட்டம்மாவுடையது. தவிட்டம்மா ஒரு கேளையாடு. பெயரில்தான் ஆடு; உண்மையில் அது தவிட்டு நிறத்தில் இருக்கும் சின்ன மான். ஆபத்தைக் கண்டால் நாய் குரைப்பதுபோல உரக்கக் குரைக்கும். விடியற்காலையில் புல்மேட்டில் நின்று காவல் காப்பது தவிட்டம்மாவின் வேலை. மேட்டுக்குக் கீழே புதரில் குடியிருந்த முயல்கள் அவள் குரலை நம்பித்தான் குட்டிகளை வெளியே மேய விட்டன.

அப்படிப்பட்டவளுக்குத்தான் தொண்டையில் ஏதோ வந்துவிட்டது. இலையை விழுங்கினால் சுகமாக இறங்கியது. எச்சிலை விழுங்கினால் மட்டும் உருண்டையாக எதுவோ குறுக்கே நின்றது. சில வேளைகளில் மூச்சு பாதியில் நின்றுவிடும். எவ்வளவு இழுத்தாலும் மேலே வராது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். அப்பாடா என்று நினைக்கும்போது மறுபடி வரும்.

அவள் கேட்காத ஆளில்லை. காட்டுக்குப் பெரியவரான கரடியார் அவளை வாயைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். குரங்கு கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கி எட்டிப் பார்த்துவிட்டு, இது காவலுக்குப் போகாமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்றது. மயில் தூரத்தில் நின்றபடியே, எல்லாம் வெறும் பயம் என்று சொல்லிவிட்டுத் தோகையைக் கோதப் போய்விட்டது. ஒன்றும் இல்லாததா மூச்சை நிறுத்தும்? எனக்கே கோபம் வருகிறது. தவிட்டம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒருநாள் விடியற்காலையில் காடு முழுவதும் பனிமூட்டம். முயல் புதரை நோக்கி எதுவோ பதுங்கி நகர்வதைத் தவிட்டம்மா கண்டாள். குரைக்க வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. தரையைக் காலால் உதைத்துக்கொண்டு, கண் பிதுங்க இழுத்துப் பார்த்தாள். குரல் வருவதற்குள் பனிக்குள்ளே ஒரு சின்னக் கீச்சொலி கேட்டு அடங்கிவிட்டது.

வெள்ளாயி என்ற முயலின் மூத்த குட்டியைக் காணவில்லை. கொண்டுபோனது யார் என்றும் தெரியவில்லை. வெள்ளாயி அழக்கூட இல்லை; குட்டி உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தவிட்டம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே நல்லான் என்ற நரி வைத்தியராகிவிட்டான்.

தவிட்டம்மாவின் குரைப்பினால் பலமுறை பட்டினி கிடந்தவன்தான் இந்த நல்லான். ஊர் ஓரத்தில் மனிதர்கள் தொக்கம் எடுப்பதைப் பார்த்துப் படித்துவந்ததாகச் சொல்லிக்கொண்டான். எப்போதோ தின்றது தொண்டையில் சிக்கிக் கிடந்தால், கழுத்தில் குழலை வைத்து உறிஞ்சி வெளியே எடுப்பார்களாம். அதற்குத்தான் தொக்கம் எடுப்பது என்று பெயராம். அவனும் ஒரு நாணல் குழலைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தான். தொக்கம் எடுத்து முடிக்கும்வரை வைத்தியர் மௌன விரதம் இருக்க வேண்டும், பேச்சுக் கொடுத்தால் பலிக்காது என்று முன்னதாகவே சொல்லிவைத்தான். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் வெறும் தலையாட்டல்தான்.

முதலில் கரடியார் போனார். நல்லான் அவர் கழுத்தில் குழலை வைத்து உறிஞ்சி, இலையில் துப்பினான். ஒரு துண்டுத் தேன்மெழுகு! குரங்குக்குப் பலாக்கொட்டையின் தோல் வந்தது. மயிலுக்கு ஒரு வண்டின் கால். இத்தனை நாளாக இதை உள்ளே வைத்துக்கொண்டா நடமாடினோம் என்று எல்லாரும் ஆடிப்போனார்கள். கரடியார் தன் மெழுகை இலையோடு எடுத்துக்கொண்டு போய், பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

பிறகென்ன, எல்லாரும் தவிட்டம்மாவை நச்சரிக்கத் தொடங்கினார்கள். அவளுக்கு நரியிடம் போக மனமில்லை. ஆனாலும் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினாள்.

நல்லான் குழலை வைத்தான், உறிஞ்சினான், இலையில் துப்பினான்.

இலையில் கிடந்தது ஓர் எலும்பு. மெல்லிய, வெள்ளையான, சின்னஞ்சிறு எலும்பு.

குரங்கு கிளையை விட்டுக் கீழே விழப் பார்த்தது. இலையும் கொட்டையும் தவிர எதையும் தொடாத கேளையாட்டின் தொண்டையில் எலும்பா?

விரதம் முடிந்த நல்லான் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்கே சொல்ல வாய் கூசுது. இது முயல்குட்டி எலும்பு."

வெள்ளாயி தவிட்டம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சொல்லப்போவதில்லை.

"நானா?" என்றாள் தவிட்டம்மா. "நான் அந்தக் குட்டியைத் தொட்டதுகூட இல்லையே."

சில பேருக்குத் தூக்கத்தில் எழுந்து நடந்து தின்னும் நோய் உண்டு, பாவம், அவர்களுக்கே அது தெரியாது என்று நல்லான் இரக்கத்தோடு விளக்கினான். அன்றைக்கு அவள் குரைக்காமல் இருந்ததற்கும் இதுதான் காரணம் என்று குரங்கு கண்டுபிடித்துச் சொன்னது. மயில் ஆமாம் போட்டது. கண்ணால் பார்த்த பிறகு பேச என்ன இருக்கிறது என்று கரடியாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் தவிட்டம்மா ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். அக்கரை என்றால் சிறுத்தைகளின் காடு. அங்கே ஒரு கேளையாடு ஒரு பகல்கூடத் தாங்காது.

அன்று மாலை தவிட்டம்மா தனியாகப் புல்மேட்டில் கிடந்தாள். குழந்தைகளே, இதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை: அவளே அதைப் பாதி நம்பிவிட்டாள். தூக்கத்தில் தின்றிருப்பேனோ என்று நினைத்து நினைத்துக் கூசினாள். அதைவிடக் கொடுமை, அந்தக் கூச்சத்துக்கு நடுவே அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இத்தனை மாத வேதனைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

அழுகையை அடக்கி எச்சிலை விழுங்கினாள். உருண்டை அங்கேயே நின்றது. மறுபடி விழுங்கினாள். அதே உருண்டை, அதே இடத்தில்.

தவிட்டம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். எலும்பு வெளியே போய்விட்டது. அடைப்பு உள்ளேயே இருக்கிறது. அப்படியானால் இந்த அடைப்பு அந்த எலும்பு இல்லை. அந்த எலும்பு எங்கிருந்து வந்தது?

விடிந்தது. எல்லாரும் ஆற்றங்கரையில் கூடினார்கள். தவிட்டம்மா கரடியார் முன்னால் வந்து நின்றாள். அடைப்பு அப்படியே இருக்கிறது, போவதற்கு முன் இன்னொரு முறை தொக்கம் எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். போகிறவள் கேட்கிறாள், எடுத்தால் என்ன என்று கரடியார் பாறைமேல் இருந்த நல்லானுக்கு ஆள் அனுப்பினார்.

நல்லானுக்குக் கொண்டாட்டம். இன்னோர் எலும்பு வந்தால் யாருக்கும் துளி சந்தேகமும் இருக்காது. குழலோடு வந்து சேர்ந்தான். மௌன விரதம், எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினான். தவிட்டம்மாவின் கழுத்தில் குழலை வைக்கக் குனிந்தான்.

அவள் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இத்தனை மாசமா எல்லாரும் என் தொண்டைக்குள்ளேயே பார்த்தீங்க. ஒரே ஒரு தடவை வைத்தியர் வாய்க்குள்ள பாருங்க."

நல்லான் வானத்தைக் காட்டினான், நெஞ்சைத் தொட்டான், விரதம் கெட்டுவிடும் என்று கைஜாடை காட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து வெள்ளாயி வந்தாள். அவன் ஒரே கவ்வில் கவ்வக்கூடிய தூரத்தில், அவன் மூக்குக்கு நேரே போய் நின்றாள்.

"வாயைத் திற" என்றாள்.

நல்லான் சுற்றிலும் பார்த்தான். வேறு வழி தெரியவில்லை. வாயில் இருந்ததை மடக்கென்று விழுங்கினான்.

பாதியில் சிக்கிக்கொண்டது. கண் பிதுங்கியது, நாக்கு வெளியே தள்ளியது. குழலை எறிந்துவிட்டு மணலில் உருண்டான். என்ன நடக்கிறதென்று யாருக்கும் புரியவில்லை. கரடியார்தான் அவனை அமுக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து, நகத்தை விட்டு இழுத்தார். வந்தது ஒரு சின்னஞ்சிறு எலும்பு. அதன் நுனியில் கொஞ்சம் முயல் மயிர் ஒட்டியிருந்தது. அந்தக் காட்டிலேயே தொண்டையில் எலும்பு இருந்தது வைத்தியருக்கு மட்டும்தான்!

வெள்ளாயி அந்த எலும்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பனிக்குள் பதுங்கி வந்தது யார், காவல்காரியை விரட்டினால் முயல் புதர் யாருக்கு என்று இனி ஒருவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரடியார் நல்லானின் பிடரியைப் பிடித்து அக்கரைக்குத் தள்ளிவிட்டார். திரும்பி வந்து தவிட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். "அப்போ என் மெழுகு?" என்று மெல்ல ஒரு கேள்வியும் கேட்டார்.

தவிட்டம்மாவின் தொண்டை என்னவாயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அப்படியேதான் இருந்தது. சில நாள் குறையும், சில நாள் கூடும். அது என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் புல்மேட்டுக்குப் போனபோது வெள்ளாயி அங்கே முன்பே வந்து காத்திருந்தாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கு அக்கா?"

"இருக்கு."

"என்னவாம்?"

"தெரியலை."

ஒன்றுமில்லை என்று வெள்ளாயி சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். வெயில் ஏறும் நேரத்தில் கீழே புல் அசைந்தது. தவிட்டம்மா வாயைத் திறந்தாள், மூச்சு நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்த அந்த நொடியே வெள்ளாயி பின்னங்காலால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தாள். புதரில் மேய்ந்துகொண்டிருந்த குட்டிகள் எல்லாம் வளைக்குள் ஓடி ஒளிந்தன.

நீதி: காரணம் தெரியாத நோவோடுகூட வாழ்ந்துவிடலாம், பொய்யான காரணத்தை நம்பி வாழ முடியாது.