ஐம்பத்தைந்தாவது பச்சை

மாசிலாமணி ஐம்பத்திரண்டாம் வயதில் சீடரானார். குருவுக்கு வயது முப்பத்தொன்று.

குருவின் பெயர் ஜெனோவா. தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். வகுப்பறைகளில் கரும்பலகையைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை மாட்டிய ஆண்டில், பொருளியல் நடத்தும் மாசிலாமணி முதல் நாளே திரையின்மேல் சாக்பீஸால் எழுதிவிட்டார். ஜெனோவா வந்து ஈரத்துணியால் துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமையைக் கண்டுதான் மாசிலாமணி அவரைக் குருவாக வரித்துக்கொண்டார். ஜெனோவாவுக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் இப்படிப்பட்ட விஷயங்களில் குருவின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மாசிலாமணி ஒரு கட்டு விடைத்தாளோடு ஆய்வகத்துக்கு வந்தார். ஜெனோவா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“குருவேன்னு கூப்பிடாதீங்க சார், பிள்ளைங்க சிரிக்குது. என்ன ஓடலை?”

“எல்லாம் ஓடுது. அதுதான் சந்தேகம்.”

அந்தப் பருவத்தில் நிர்வாகம் ஒரு செயலியை வாங்கியிருந்தது. வகுப்பு முடிவதற்குள் மாணவர்கள் தங்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை என்றால் புரிந்தது. சிவப்பு என்றால் புரியவில்லை. திரையில் ஒரு பெரிய வட்டம் அதற்கேற்ப நிறம் மாறும். கணக்கு உடனே முதல்வர் அறைக்குப் போய்விடும். பருவத்தின் பச்சைச் சராசரி எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், தொகுப்பூதிய ஆசிரியருக்கு ஜூனில் மறுநியமனம் கிடையாது. மாசிலாமணி இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொகுப்பூதிய ஆசிரியர். இந்த வயதில் அவரை வேறு எந்தக் கல்லூரியும் வாசலுக்குள் விடாது.

“மூணு வாரமா நூத்துக்கு நூறு. அம்பத்தஞ்சுக்கு அம்பத்தஞ்சும் பச்சை,” என்றார் மாசிலாமணி. “இது அதே பிள்ளைங்க எழுதுன பரீட்சைத்தாள். விலை ஏறுனா வாங்குறது எவ்வளவு குறையும்ங்கிறதுதான் கேள்வி. படிங்க.”

ஜெனோவா மேலே இருந்த தாளைப் படித்தார். ‘தேவை நெகிழ்ச்சி என்பது, விலையைக் கேட்டதும் மக்களின் மனம் நெகிழ்ந்துபோவதாகும்.’

அடுத்த தாளிலும் அதுவே இருந்தது. அதற்கடுத்த தாளில் மக்கள் கண் கலங்கினார்கள்.

“எத்தனை பேரு பாஸு?”

“அஞ்சு. செயலி பொய் சொல்லுதோ?”

ஜெனோவா தன் போனை அவரிடம் நீட்டினார். மாசிலாமணி சிவப்பை அழுத்தினார், சிவப்பு வந்தது. பச்சையை அழுத்தினார், பச்சை வந்தது. இன்னும் ஒருமுறை சிவப்பை அழுத்திப் பார்த்தார். கருவி அரிச்சந்திரன் பரம்பரையாக இருந்தது.

“யாரு எதை அமுக்குனாங்கன்னு தெரிஞ்சிரும்னு பயப்படுதுகளோ?”

“பேரு வராது சார். அது அவங்களுக்கும் தெரியும்.”

“பின்னே ஏன்?”

ஜெனோவா டப்பாவை மூடி வைத்தார். மேசையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தார். போனில் அழுத்திய பச்சை எந்த வழியாகக் கூரையில் மாட்டிய வைஃபை பெட்டிக்குப் போகிறது, அங்கிருந்து எந்த எண்ணைத் தேடிக்கொண்டு எங்கே போகிறது, அந்த எண்ணை யார் யாருக்குக் கொடுக்கிறார், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தொடங்கினார். ஏழு நிமிடம் ஆனது. மாசிலாமணி இடையிடையே தலையாட்டினார்.

“புரிஞ்சுதா சார்?”

“புரிஞ்சுது.”

“என்ன சொன்னேன்?”

மாசிலாமணி ஒயரைப் பார்த்தார். ஒயர் உதவவில்லை.

“பின்னே ஏன் புரிஞ்சுதுன்னு சொன்னீங்க?”

“உங்க சோறு ஆறுதேன்னுதான்.”

ஜெனோவா டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். பாடம் முடிந்தது என்று சீடருக்கு விளங்கியது. என்ன பாடம் என்பது விளங்கவில்லை. தன் வகுப்போ காலை பதினோரு மணிக்கு. அப்போது யாருக்கு என்ன சோறு ஆறுகிறது? சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதையே யோசித்தார். பேருந்தில் நடத்துநரிடம் தன் ஊருக்குப் பதில் “பதினோரு மணி” என்று டிக்கெட் கேட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் நேராகவே கேட்டுவிட்டார்.

“நான் பாவம்னு நெனச்சு யாராவது பச்சை அமுக்குதீங்களா?”

வகுப்பு தரையைப் பார்த்தது. முன் வரிசையில் இருந்த முப்பிடாதி எழுந்தாள். வகுப்பின் பிரதிநிதி அவள்.

“சார், எழுபத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா உங்கள எடுத்துருவாங்கல்லா? எங்க அண்ணன் ஆபீஸ்ல அட்டெண்டர். அவன் சொன்னான். அதான் மொத நாளே குரூப்புல பேசி முடிவு பண்ணிட்டோம். புரிஞ்சாலும் பச்சை, புரியாட்டாலும் பச்சை.”

“லீவு போட்டவனும் வீட்டுல இருந்தே அமுக்கிருவான் சார்,” என்றது பின் வரிசை.

“பஸ்ல இருந்துகூட அமுக்குவோம்.”

“நீங்க கவலையே படாதீங்க சார். நாங்க இருக்கோம்லா.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவருக்காக யாரும் இப்படித் தீர்மானம் போட்டதில்லை. கோபப்பட நினைத்தார், வரவில்லை. நன்றி சொல்ல நினைத்தார். நாக்கில் தேவை நெகிழ்ச்சி வந்து நின்றது. அப்படியே வெளியே வந்தார். அன்றைக்கு அவர் பாடமே நடத்தவில்லை. வட்டம் முழுப் பச்சையாக இருந்தது.

நேரே ஆய்வகத்துக்குப் போனார். ஜெனோவா ஒரு கணினியைக் குப்புறப் போட்டுத் தூசி ஊதிக்கொண்டிருந்தார்.

“இப்ப முன்னைவிடக் குழப்பம்,” என்றார் மாசிலாமணி. “உண்மையை அமுக்குங்கன்னு சொன்னா என் வேலை போகும். சொல்லாட்டி அவங்க படிப்பு போகும். அவங்களும் அன்பாத்தான் செய்யுதாங்க. இதுல தப்பு யாரு மேல?”

“உங்க கிளாஸ்ல எத்தனை பேரு சார்?”

“அம்பத்து நாலு.”

“வட்டத்துல எத்தனை?”

“அம்பத்தஞ்சு.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூன்று வாரமாக அந்த எண் கண் முன்னால் இருந்திருக்கிறது. நூறு சதவீதம் வரும்போது எவனும் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜெனோவா அவருடைய போனை வாங்கினார். ஆசிரியர் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில், அதே இரண்டு பொத்தான்கள் இருந்தன.

“இது உங்களுக்கு. பாடம் போய்ச் சேந்துச்சான்னு நீங்களும் சொல்லணும். ஒண்ணும் அமுக்காம விட்டா, அதுவே பச்சைன்னு எடுத்துக்கிடும்.”

“எனக்கு இது தெரியவே தெரியாதே.”

“பொத்தான் தெரியாது, சரி.”

ஜெனோவா மறுபடி தூசி ஊதப் போய்விட்டார்.

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார். முதல் வாரம், புதன்கிழமை. உப்பு விலையை உதாரணம் காட்டிக் கோடு வரைந்து நடத்திக்கொண்டிருந்தபோது முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தார். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத்தாள்கள். இன்னொரு தடவை சொல்லலாமா என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் திரையில் வட்டம் பச்சையானது. அவர் முகங்களை விட்டுவிட்டு வட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து முகங்களைப் பார்த்ததாக நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கியதும், பாடம் ஆரம்பிக்கும் முன்பே, மாசிலாமணி தன் போனை எடுத்து அடியில் இருந்த சிவப்பை அழுத்தினார். வட்டத்தில் ஒரு மெல்லிய சிவப்புக் கீற்று விழுந்தது.

வகுப்பு கொதித்தது.

“எவம்லே சிவப்பு அமுக்குனது?”

“குரூப்புல பேசுனது ஞாபகம் இல்லையாலே?”

“சங்கரபாண்டிதான். அவன் எப்பவும் தப்பாத்தான் அமுக்குவான்.”

“எம்மேல சத்தியமா நான் இல்லை!”

“நான்தான்,” என்றார் மாசிலாமணி.

போனைத் திருப்பி வகுப்புக்குக் காட்டினார்.

“நான் நடத்துனதுல உங்களுக்கு எது புரியலைன்னு எனக்குப் புரியலை. என் வேலையை நான் பாத்துக்கிடுதேன். நீங்க உங்களுக்குத் தோணுறதை அமுக்குங்க.”

முப்பிடாதி முதலில் போனை எடுத்தாள். அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது கீற்று விழுந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டதுபோல் வட்டம் முழுக்கச் சிவந்துவிட்டது. ஐந்து பச்சைகள் மட்டும் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றன.

“சார், ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் முப்பிடாதி. “உப்பு விலை ஏறுனப்ப எங்கம்மா உப்பைக் குறைக்கலை. முட்டையைத்தான் குறைச்சா. அப்ப நீங்க வரைஞ்ச கோடு எந்தப் பக்கம் போகும்?”

அதன் பிறகு மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் இரண்டு நாற்பதுக்கு மாசிலாமணி ஆய்வகத்துக்கு வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. அலுவலகத்திலிருந்து முப்பிடாதியின் அண்ணனே வந்து சீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“மூணு மணிக்கு முதல்வர் வரச் சொல்லியிருக்காரு,” என்றார். “ஒம்பது சதவீதம். இந்தக் கல்லூரியில இதுவரை யாரும் இவ்வளவு கீழ போனதில்லையாம். ஜூன் வரைக்கும்கூட வைப்பாங்களான்னு தெரியலை.”

“கிளாஸ் எப்படிப் போச்சு?”

“பதினேழு கேள்வி கேட்டாங்க. ரெண்டுக்கு எனக்கே பதில் தெரியலை. இருவத்திரெண்டு வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி.”

ஜெனோவா திருப்புளியால் ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“குருவே, நான் செஞ்சது சரிதானா?”

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தார். சீடரின் முகம் சரி என்ற ஒரு சொல்லுக்காக ஏங்கிக் காத்திருந்தது. அதைச் சொல்வதில் அவருக்குச் செலவொன்றும் இல்லை.

“தெரியலை சார்,” என்றார் ஜெனோவா. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். “மூணு மணிக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கு. அந்த ரெண்டு கேள்வி என்னன்னு சொல்லுங்க.”