நான் மிதித்த படம்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. என் தப்பை மட்டும் குறைத்துச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம்.

நான் ஒரு நீர்க்கோழி. காட்டோரக் குளத்தில், கோரைக்கு நடுவே மிதக்கும் கூட்டில், அப்போது எனக்கு ஆறு முட்டைகள்.

மழை நின்று பத்து நாள்கூட ஆகவில்லை. குளத்து நீர் இறங்கத் தொடங்கியது. நீர் ஆழமாக இருக்கும்வரை நரி உள்ளே வராது. அதற்கு நீந்தப் பயம். கரையில் உட்கார்ந்து என் கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“அவசரமில்லம்மா,” என்றது நரி. “இன்னும் ஒரு சாண் இறங்கட்டும். நடந்தே வர்றேன்.”

நீர் ஏன் இறங்குகிறது என்று ஆமையண்ணனைக் கேட்டேன். “யானைங்க ரொம்பக் குடிக்குது,” என்றார். நாரையைக் கேட்டேன். “வெயில்,” என்றது.

“வெயிலே இல்லையே?”

“அப்போ, இனிமே வரப்போற வெயில்.”

கூத்தன் என்ற நீர்நாய் மட்டும் பூவரச இலைகளை நீரில் விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். பிறகு கரைச் சேற்றில் நகத்தால் குளத்தை வரைந்து, அதற்குள் கோடு கோடாக இழுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் முட்டை போகப்போகுது. உனக்கு இலை விளையாட்டா?”

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. நானே ஒரு இலையா இருந்தா...”

“நீ இலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.”

என் நீள விரல்களால் அந்தப் படத்தை மிதித்தேன். ஒரு தடவை அல்ல. திரும்பி வந்தும் மிதித்தேன். அவன் நீருக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலை நரி குளத்தில் இறங்கிப் பார்த்தது. நீர் அதன் கழுத்து வரை இருந்தது. “நாளைக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனது.

என்ன செய்வதென்று தெரியாமல் கரையில் ஓடினேன். அந்தப் படத்தின் மேலேயே வந்து நின்றேன். என் காலடிகளுக்கு நடுவே கோடுகள் மிச்சமிருந்தன. வெவ்வேறு கரைகளில் தொடங்கிய கோடுகள் எல்லாம் ஒரே தாழம்புதரின் அடியில் முடிந்தன.

கூத்தனைக் கூப்பிட வாய் வரவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

“இலையெல்லாம் ஏன் அங்கேயே போகுது, கூத்தா?”

“அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. எதிர்க்காத்துலகூட அங்கேதான் போச்சு. கண்ணை மூடி என்னையே இலையா நினைச்சுப் பார்த்தேன். அடியிலிருந்து யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. அங்கே ஓட்டை இருக்கணும்.”

மூழ்கிப் பார்த்தான். நண்டு வளை ஒன்று பெரிதாகி, கரையைத் துளைத்து மறுபக்கம் வரை போயிருந்தது. ஆமையண்ணன் களிமண் தள்ளினார். நாரை கோரை கொண்டுவந்தது. மாலைக்குள் அடைத்தோம்.

மறுநாளும் நரி இறங்கிப் பார்த்தது. அதே கழுத்தளவு நீர். திரும்பிப் போய்விட்டது.

எல்லோரும் படத்தைப் பார்க்க வந்தார்கள். “இதை யார் மிதிச்சது?” என்றார் ஆமையண்ணன். நாரை என் கால்களைப் பார்த்தது.

“மழையில அழிஞ்சிருக்கும்,” என்றான் கூத்தன்.

மழையே பெய்யவில்லை. நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆறு குஞ்சுகளும் வளர்ந்து போன பிறகு, எல்லோரும் பார்க்கக் கூத்தனிடம் போய், மிதித்தது நான்தான் என்று சொன்னேன். அவனிடமே ஓர் இலை கேட்டு வாங்கி நீரில் விட்டேன். அது இழுபடாமல் நின்ற இடத்தில் என் அடுத்த கூட்டைக் கட்டினேன்.

விளையாடிப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் மறைந்திருப்பது தெரிகிறது. அவன் விளையாட்டை மிதிக்கிறவர்கள் தங்கள் கூட்டையே மிதிக்கிறார்கள்.