ஐந்து அறைக்குப் போன பாட்டு

மலையடிவாரத்து மடத்தில் சாயங்காலமானால் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மாசிலாமணி பாடுவார். மற்றவர்கள் பின்னாலேயே வாங்கிப் பாடுவார்கள். மனைவி போன பிறகு ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவருக்கு அந்த நேரம்தான் சோறும் தண்ணியும்.

தோட்டம் பார்த்த தணிகாசலம் இடுப்பொடிந்து படுத்தபோது, கடைசி அறையில் கிடக்கிறவருக்கும் பாட்டுக் கேட்கட்டும் என்று யோசனை சொன்னதும் மாசிலாமணிதான். படம் பார்த்துச் சலித்த பக்தர் ஒருவர் ஐந்து ஸ்பீக்கரோடு சரவுண்ட் சவுண்ட் ரிசீவர் ஒன்றைக் கொடுத்திருந்தார். கூடத்தைச் சுற்றி வைக்க வேண்டிய ஸ்பீக்கர்களைப் பிரித்து, உத்தரத்தோடு வயர் இழுத்து, மைக்கையும் அதில் கோத்தார் மாசிலாமணி. ஓர் அறைக்கென்று தொடங்கியது, எனக்கும் எனக்கும் என்று ஐந்து அறைக்கும் ஆயிற்று.

அதோடு கூடத்துக்கு ஆள் வருவது நின்றது. முழங்கால் வலி என்றார் ஒருவர். இங்கேயே கணீரென்று கேட்கிறதே, அங்கே எதற்கு என்று இன்னொருவர் சிரித்தார்.

கார்த்திகை முழுக்க, விரித்த பாய்களுக்கு முன்னால் மாசிலாமணி தனியாகப் பாடினார். பாடி முடித்தால் ரிசீவரின் சின்ன விளக்கு மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பையைக் கட்டி வைத்துவிட்டு, மடத்துத் தலைவி பூரணியம்மா முன்னால் போய் நின்றார். அம்மா வயதில் அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான்.

“ஊருக்குப் போறேம்மா.”

“அங்கே யார் இருக்கா?”

“யாருமில்லை. இங்கேயும் அப்படித்தானே இருக்கு. அஞ்சு அறைக்குப் பாட்டுப் போகுது. யாராவது கேட்கிறாங்களான்னு எனக்குத் தெரியலையே.”

அம்மா எழுந்தார். மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

“இன்னைக்கு நான் பாடறேன். நீங்க ஒவ்வொரு அறையாப் போய்ப் பார்த்துட்டு வாங்க.”

அம்மாவுக்குச் சுருதி சேராது. அது மடமே அறிந்த விஷயம்.

முதல் அறையில் குறட்டை, பாட்டைவிட ஓங்கி. அடுத்ததில் ஸ்பீக்கர்மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் ஆளே இல்லை. காலிக் கட்டிலுக்கு அம்மா பாடிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த அறையில் பேரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர், சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கையாலேயே கேட்டார்.

இதற்கு மேலும் நடக்க வேண்டுமா என்றிருந்தது மாசிலாமணிக்கு. பையோ கட்டியாகிவிட்டது. இருந்தாலும் நடந்தார்.

கடைசி அறையில் விளக்குப் போடவில்லை. தணிகாசலம் சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். அவரால் திரும்ப முடியாது. காலடி கேட்டதும், கஞ்சி கொண்டுவரும் ஆள் என்று நினைத்திருப்பார்.

“இன்னைக்கு ஏம்ப்பா குரல் மாறியிருக்கு?” என்றார். “மாசிலாமணிக்கு உடம்புக்கு என்ன?”

மாசிலாமணி கூடத்துக்குத் திரும்பியபோது அம்மா பாடி முடித்திருந்தார். அம்மாவிடம் பார்த்ததையெல்லாம் சொன்னார். கடைசியாகத் தணிகாசலம் கேட்டதையும்.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன். யாருன்னு அவரும் கேட்கலை. கையை மட்டும் விடலை. நானாத்தான் விடுவிச்சுக்கிட்டு வந்தேன்.”

அம்மா ரிசீவரை அணைத்தார்.

“அந்தக் கையை விட்டுட்டு எதுக்கு வந்தீங்க?”