டேங்கில் விட்ட குச்சி

மலை அடிவாரத்தில், செக்போஸ்ட்டுக்கு முன்னால் ரெஜினாவின் கார் பட்டறை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அந்த மலைச்சாலையில் கார் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு வண்டியாக ஏறவேண்டும். அதற்கு வண்டி தயார் செய்யப் பழக வருபவர்கள் அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

நாச்சிமுத்துவும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளைவிட மிகவும் மூத்தவர். விசைத்தறிக் கூடத்தில் வேலை. அவர் மகன் தீபன் அவளிடம் வேலை பழகியவன். ஒரு பழைய காரைப் பாதி கழற்றிப் போட்டிருந்தபோது காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து நாச்சிமுத்து பட்டறைக்கு வந்தார். காரை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று ரெஜினா நினைத்தாள்.

"பையன் இதை மலையேத்தணும்னு சொல்லிட்டே இருந்தான். நான் ஏத்துறேனுங்க. சொல்லிக் குடுங்க மாஸ்டர்."

"நீங்க கார் ஓட்டுவீங்களாண்ணா?"

"முதலாளி வேன் ஓட்டியிருக்கேன். நூல் லோடு."

"நூல் லோடு பந்தயத்துக்குப் போகாது."

"பந்தயத்துக்குப் போற வயசு எனக்கும் இல்லைதானுங்க."

அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

முதல் வாரம் அவர் கேட்டார். "காசு கொஞ்சந்தானுங்க இருக்கு. எஞ்சினுக்குச் செலவு பண்ணிடலாங்களா?"

"எஞ்சினுக்கு வேண்டாம். டயர், பெல்ட், பிரேக். அதுக்கே சரியாப் போயிடும்."

"ஏறுறதுக்கு எதுக்குங்க பிரேக்?"

ரெஜினா அவரை வெளியே கூட்டிப்போனாள். காரைப் பட்டறைக்கு முன்னால் இருந்த ஏற்றத்தில் தள்ளச் சொன்னாள். தள்ளினார். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கார் பின்னால் வரத் தொடங்கியது. முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்துபோய் ஒரு கல்லை எடுத்துவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்கண்ணா. எதுக்குப் பிரேக்?"

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வாங்கிடலாமுங்க."

பிரேக் மாட்டி முடிந்ததும் இன்னொரு நாள் கேட்டார். "வேகத்துக்கு என்னங்க பண்றது?"

"வாங்கிப் போட முடியாதவங்க கழட்டணும். கனம் குறைஞ்சா வேகம் வரும். அதுக்குச் செலவில்லை."

கழற்றுவது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பின்சீட்டைக் கழற்றினார். காலடி விரிப்பைச் சுரண்டி எடுத்தார். கதவின் உள்தட்டி, ரேடியோ, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் பட்டறை மூலையில் தார்ப்பாய்மேல் கிடந்தன. தினமும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் முகம் தெளிவாக இருக்கும் நேரம் அதுதான். ரெஜினாவுக்கு அந்தத் தெளிவு பிடிக்கவில்லை.

அவர் மனைவி தெய்வானை மத்தியானத்துக்கு மூன்றடுக்குத் தூக்கில் சோறு அனுப்புவாள். மேலடுக்கு மகனுடையது. அதையும் அவள் இன்னும் நிறைத்துத்தான் அனுப்பினாள். நாச்சிமுத்து அதைத் தொடமாட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நாய்க்குப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "ஆட்டையெல்லாம் மச்சினன் வீட்டுக்கு ஓட்டிவிட்டுட்டேனுங்க. சைக்கிளையும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு."

"ஏண்ணா?"

"கனம் எதுக்குங்க?"

ரெஜினா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தாள். அவரைப் பார்த்தாள். அவர் அமைதியாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குக் கிளம்பினால் தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

பந்தயத்தன்று காலையில் மலை தெரியவில்லை. பாதிக்குமேல் பனி மூடியிருந்தது. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. பெல்ட், பிரேக், ஹெல்மெட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நாச்சிமுத்துவின் வண்டிக்கும் நம்பர் ஒட்டினார்கள்.

"பெரியவரே, வண்டிக்கு உங்க வயசு இருக்குமா?" என்றான் பின்னால் நின்ற காரின் ஓட்டுநர்.

"எனக்குப் பெயின்ட் அடிக்கலீங்க. அதுதான் வித்தியாசம்" என்றார் நாச்சிமுத்து.

அவன் சிரித்தான். அவர் தூக்கை ரெஜினாவிடம் நீட்டினார். "இதை நீங்க வச்சுக்குங்க மாஸ்டர். வண்டியில எதுக்கு."

நிறைந்த தூக்கு. கையில் சூடாக இருந்தது. ரெஜினா அதை ஜீப்பில் வைத்தாள். திரும்பிவந்து பெட்ரோல் மூடியைத் திறந்தாள். டேங்குக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்தாள்.

பந்தயத்தில் பெட்ரோலும் கனம்தான். யாரும் டேங்கை நிறைப்பதில்லை. மேலே போய், கடைசி வண்டி வரும்வரை காத்திருந்து, எல்லாரும் வரிசையாக இறங்குவார்கள். ஏறி இறங்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுவார்கள். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது.

"இது எதுவரைக்கும் வரும்ணா?"

"மேல போய்ச் சேர்ந்துரும். நல்லாக் கணக்குப் பண்ணித்தானுங்க ஊத்தினேன்."

"அப்புறம்?"

"மேல போனாப் போதுமுங்க."

"வண்டி?"

"நீங்க ஆளைவிட்டு எடுத்துக்குங்க. அது உங்க பட்டறையிலயே இருக்கட்டும்."

"நீங்க?"

நாச்சிமுத்து மலைப்பக்கம் பார்த்தார். பார்க்க அங்கே எதுவும் இல்லை.

"மேல ஒரு கம்பி வேலி இருக்குதுங்களே. பள்ளத்து ஓரமா. அங்க நின்னு பையன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். அங்க போய் நிக்கணும்னு தோணுதுங்க. அதுக்குமேல ஒண்ணுந் தோணலை."

முன்னால் ஒரு வண்டி கிளம்பியது. அதன் சத்தம் வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போய்ப் பனிக்குள் நின்றுவிட்டது.

ரெஜினா ஜீப்புக்குப் போனாள். பெட்ரோல் கேனைத் தூக்கிவந்தாள். புனலை வைத்து ஊற்றத் தொடங்கினாள்.

"மாஸ்டர், என்ன பண்றீங்க."

அவள் ஊற்றினாள்.

"கனம் கூடுமுங்க. இத்தனை மாசம் கழட்டினதெல்லாம் வீணாப் போகும்."

கேன் காலியானது. மூடியைத் திருகினாள். மறுபடியும் ஜீப்புக்குப் போய்த் தூக்கை எடுத்துவந்தாள். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், பின்சீட்டு இருந்த வெற்றுத் தகரத்தில் வைத்தாள். சீட்டுக் காலோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

"மேல எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறப்ப சாப்பிடுங்க. மூணு அடுக்கையும். பாத்திரத்தை நீங்கதான் வீட்டுல குடுக்கணும். நான் போய் நின்னா அந்தம்மா என்னன்னு நினைப்பாங்க?"

கொடி வைத்திருந்தவர் நாச்சிமுத்துவின் நம்பரைக் கூப்பிட்டார். நாச்சிமுத்து உள்ளே உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மாட்டினார். பெல்ட்டின் கொக்கி அவருக்கு அகப்படவில்லை. ரெஜினா குனிந்து மாட்டிவிட்டாள்.

"இவ்வளவு கனத்தோட இது எப்படிங்க மாஸ்டர் ஏறும்?"

"மெதுவா ஏறும்ணா" என்றாள் ரெஜினா. "இறங்கி வரப்போற வண்டியெல்லாம் அப்படித்தான் ஏறும்."