மூன்று பூட்டும் ஒரு நண்டும்

அந்தக் காலத்தில் நண்டுக்குப் பேச்சும் இருந்தது, நேர்நடையும் இருந்தது. ஈரமணலில் கொடுக்கை நிமிர்த்திக்கொண்டு அது நேராக நடந்து வந்தால் நாரைகூட ஒதுங்கி வழிவிடும். அந்த நடையில் நண்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

சங்குமேட்டுக் குப்பத்தில் மூன்று வழிபாட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு வீடு. உள்ளே தெற்குச் சுவரில் அம்மன் கல், வடக்கில் மரச்சிலுவை. மேற்கில் வெறும் சுவர். அதைப் பார்த்து நின்று முஸ்லிம்கள் தொழுவார்கள். கிழக்கே, கூரையை ஒட்டிய ஒரு சாண் சாளரத்தில் ஒரு விளக்கு. அது எல்லோருக்கும் பொது. கடலுக்குப் போன வள்ளங்கள் அந்த வெளிச்சத்தைக் குறிவைத்துத்தான் இரண்டு பாறைகளுக்கு நடுவே கரைக்கு வரும். அதனால் அந்த வீட்டுக்கு விளக்கு வீடு என்றே பெயர். நண்டின் வளை அதன் சுவரடியில் இருந்தது. ஒரு வாய் வெளியே, இன்னொரு வாய் உள்ளே. பொங்கல், அப்பம், கந்தூரிச் சோறு என்று எது சிந்தினாலும் நண்டுக்கு விருந்து.

முஸ்லிம்களின் கந்தூரி விழா பிறைக் கணக்கில் வருவது, ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து, ஓர் ஆண்டு ஆடி மாதத்தில் அம்மன் கொடியேற்றமும் கிறிஸ்தவர்களின் சந்தியாகப்பர் கொடியேற்றமும் கந்தூரிக் கொடியேற்றமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. கொடிமரமோ ஒன்றுதான்.

"எங்க கொடி உச்சியில பறக்கணும்" என்றார் பூசாரி சிங்காரம்.

"மரம் வெட்டிக் கொடுத்தது எங்க ஆளு" என்றார் சிலுவைப் பக்கத்துக் கோயில்பிள்ளை மிக்கேல்.

"நட்டது யாரு?" என்று எழுந்தார் தொழுகை நடத்தும் காசிம் மரைக்கார்.

வார்த்தை தடித்தது. சிங்காரம் விளக்கு வீட்டுக் கதவில் ஒரு பூட்டைப் போட்டார். மிக்கேல் அதன் மேல் ஒன்று. காசிம் அதற்கும் மேல் ஒன்று. மூன்று சாவியும் மூன்று மடியில் போய் உட்கார்ந்தன.

பொழுது சாய்ந்தது. கீழ்வானம் கறுத்து, காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கடலில் இன்னும் ஒரு வள்ளம். அதில் ஐந்து பேர், மூன்று தரப்பு ஆட்களும் உண்டு. காசிமின் மகள் ஜொகராவின் புருஷன் நெய்னாவும் அதில்தான் இருந்தான்.

"வாப்பா, பூட்டைத் திறங்க."

"அவங்க ஆளும்தான் கடல்ல இருக்கான். பயந்துக்கிட்டு அவங்களே முதல்ல திறப்பாங்க, பாரு."

சிங்காரமும் இதையேதான் நினைத்தார். மிக்கேலும் இதையேதான் நினைத்தார். என்ன புத்திசாலித்தனம்! மூன்று கூட்டமும் கையில் துடுப்போடு கொடிமரத்தடியில் முறைத்துக்கொண்டு நின்றன. கதவில் முதலில் எவன் கைவைத்தாலும் மண்டை உடையும். கரையில் வேறு இடத்தில் தீ மூட்டவும் வழியில்லை. அதைக் குறிவைத்தால் வள்ளம் நேரே பாறையில் ஏறும்.

ஜொகராவுக்கு அழக்கூட நேரமில்லை. எண்ணெயில் நனைத்த துணித்திரியைக் கொளுத்திச் சட்டியால் மறைத்தபடி சுவரடிக்கு ஓடினாள்.

"நண்டண்ணே! இதை உள்ளே கொண்டுபோய் விளக்கை ஏத்து!"

நண்டு எட்டிப் பார்த்தது. "நெருப்பா? என்னைச் சுட்டுத் தின்னுறவங்களே நீங்கதான். உங்க சண்டைக்கு நான் ஏன் வேகணும்?"

"சண்டைக்காக வரல. அஞ்சு உசிரு கேட்டு வந்தேன்."

இருட்டிவரும் கடலிலிருந்து சங்கொலி கேட்டது. வள்ளம் பாறைக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. நண்டு கொடுக்கை நீட்டியது. "கொடு."

திரியை முன்னே பிடித்து எப்போதும்போல் நேராக நடந்தது. வளைக்குள் காற்று எதிரே வீசியது. சுவாலை திரும்பி முகத்தில் அறைந்தது, கண் பொசுங்கியது. வலி தாங்காமல் பின்வாங்கியது. வெளியே மறுபடி சங்கு. நண்டு தீயைப் பிடித்த கொடுக்கை ஒரு பக்கமாக எட்டுமட்டும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கமாகவே உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்தது. கால்கள் முறுகின. சாளரத்துக்கு ஏறும் நாலு படியையும் அப்படியே ஏறி, திரியை விளக்கில் வைத்தது.

சாளரம் ஒளிர்ந்ததும் கொடிமரத்தடியில் கூச்சல் கிளம்பியது. "எவன்டா திறந்தது?" ஓங்கிய துடுப்புகளோடு மூன்று கூட்டமும் கதவுக்குப் பாய்ந்தன.

மூன்று பூட்டும் பூட்டியபடியே தொங்கின.

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. சுவரடியிலிருந்து, முகம் கருகிய நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தது. அதே நேரம் வள்ளம் மணலில் தட்டியது. ஐந்து பேரும் இறங்கினார்கள்.

ஜொகரா புருஷனிடம்கூட ஓடவில்லை. தகப்பனிடம் போய்க் கையை நீட்டினாள். காசிம் தலை நிமிராமல் சாவியை வைத்தார். சிங்காரமும் மிக்கேலும் தாமாகவே வந்து வைத்தார்கள். மூன்று பூட்டையும் திறந்து, சாவியோடு கடலில் வீசினாள்.

"உன் நடை போச்சேப்பா" என்றார் காசிம் நண்டிடம். அது ஒரு தரம் நேராக நடந்து பார்த்தது. முடியவில்லை. "என் நடை கிடக்கட்டும், மரைக்காரே. உங்க நடையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வளைக்குள் போனது. அதற்குப் பிறகு அது மனிதரோடு பேசவே இல்லை.

அப்போது பிடித்த மழையில் மூன்று கொடிகளும் ஒரே கயிற்றில் நனைந்தபடி ஏறின. எது உச்சியில் பறந்தது என்று கேட்டால் அந்தக் குப்பத்தில் இன்றும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நண்டினம் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது அந்த அந்தியிலிருந்துதான். விளக்கேற்றப் போகிறவர் எந்த வழிபாட்டுக்காரரானாலும், தீயை ஒரு பக்கம் நீட்டி, பக்கவாட்டிலேயே அந்த வீட்டுக்குள் நுழைவதும் அன்று முதல்தான். கதவுக்கு இன்றுவரை பூட்டு வாங்கவில்லை.