உலகம்மாளின் கும்பிடு

வாத்தியாருக்கு இருபத்தேழு வயது. சிஷ்யைக்கு நாற்பத்துமூன்று. கதை தலைகீழாக ஆரம்பிக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் அதில் குறை இல்லை; நமக்கென்ன வந்தது?

வாத்தியார் பெயர் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிக் கிடந்த பழைய கிட்டங்கி ஒன்றில் சிலம்பமும் குத்துவரிசையும் சொல்லிக்கொடுத்தாள். கையில் கம்பு இல்லாதபோது கையையும் காலையும் வைத்தே தன்னைக் காத்துக்கொள்வது குத்துவரிசை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் பெண்ணை டீச்சர் என்பார்கள். கம்பைப் பிடித்தவள் அந்த ஊரில் வாத்தியார்தான். கிழவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு காலை வேளையில் உலகம்மாள் கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள். நகக்கண்ணில் கருப்பு மை மாதிரி கிரீஸ் அப்பியிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் உள்ளே கம்பு சுற்றிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்களைப் பார்த்தாள்.

"என்ன வேணும்க்கா?" என்று பேச்சி கேட்டாள்.

"வாத்தியாரைப் பாக்கணும்."

"நான்தான்."

உலகம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எனக்கு ஒரே ஒரு அடி சொல்லிக் குடுங்க வாத்தியாரே. அது போதும்."

"யாரை அடிக்கப் போறீய?"

"எங்க பெரியத்தானை."

"வீட்டுக்காரருக்கு அண்ணனையா?"

"ஆமா."

"எதுக்கு?"

"கடையைப் பூட்ட வருவாரு."

விஷயம் இதுதான். உலகம்மாளின் புருஷன் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர் இறந்துபோன பிறகு, கடையை விற்றுவிட்டு மூலையில் உட்காராமல், இவளே ஜாக்கியைக் கையில் எடுத்தாள். லாரி டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் முக்கி, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து ஒட்டினாள். வேலை சுத்தமாக இருந்ததால் டிரைவர்கள் தேடி வந்தார்கள். புருஷனின் அண்ணன் சங்கரபாண்டியனுக்கு அது பொறுக்கவில்லை. ஊரில் பெரிய மரக்கடை முதலாளி; கோயில் கமிட்டியில் முன்னால் நிற்கிறவர். "நம்ம வீட்டுப் பொம்பள ரோட்டுல குத்தவச்சு டயர் கழட்டுதா" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வந்தார். எதிரே டீக்கடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கன்னத்தில் அறைந்தார். கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் தானே வந்து கடையைப் பூட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அறைஞ்சப்ப நீங்க என்ன செஞ்சீய?" என்று பேச்சி கேட்டாள்.

"தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவரு முன்னாடி நிமிந்து நின்னதில்ல."

"அடி அப்புறம். முதல்ல நில்லுங்க."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

பேச்சி ஒரு விரலால் அவள் தோளைத் தள்ளினாள். டயரைத் தூக்கிப் போடுகிற அந்த உடம்பு தடுமாறிச் சுவரில் போய் முட்டியது.

"இன்னும் நிக்க ஆரம்பிக்கல" என்றாள் வாத்தியார்.

அன்றிலிருந்து உலகம்மாள் கடை திறப்பதற்கு முன்னால் கிட்டங்கிக்கு வந்து நின்றாள். கால் அகட்டி, முட்டி மடக்கி, முதுகு நேராக. சேலை போய்ச் சுடிதார் வந்தது. முட்டி மடக்கும்போதெல்லாம் சடக் சடக்கென்று சத்தம் கேட்டது. கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "என் முட்டிக்கும் பஞ்சர் ஒட்டணும் போலிருக்கு" என்றாள். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்க வருகிறவர்களுக்கு வெட்கம்தான் முதல் எதிரி. அதன் பாச்சா அவளிடம் பலிக்கவில்லை.

நிற்கத் தெரிந்த பிறகு பேச்சி அடுத்ததைச் சொன்னாள்.

"உங்களுக்கு அடி வேண்டாம்க்கா. கை வீசுதவன் பாதி எடையை முன்கால்ல வச்சிருப்பான். கீழே போயி, அந்தக் காலை வாரிவிடுங்க. போதும்."

காலை வாருவது நம்மூரில் யாருக்கும் புதிதில்லை. அண்ணன் தம்பியின் காலை வாருவான், பங்காளி பங்காளியின் காலை வாருவான். யாரும் வாத்தியார் வைத்துக் கற்றுக்கொள்வதில்லை. உலகம்மாள் மட்டும்தான் அதை முறைப்படி, முகத்துக்கு நேரே செய்யக் கற்றுக்கொண்டாள்.

அங்கேதான் சிக்கல் வந்தது.

பேச்சி கையை வீசினாள். உலகம்மாள் கீழே போனாள். காலை நீட்டினாள். அவள் பாதம் வாத்தியாரின் கணுக்காலில் பட்டது. பட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குனிந்து, வாத்தியாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேச்சி அவள் உச்சந்தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"போச்சு. கும்பிடுததுக்குள்ள உங்க மண்டை போச்சு."

"கால் பட்டுட்டே வாத்தியாரே."

"படத்தானே நீட்டினீய?"

"இருந்தாலும்..."

மறுபடி செய்தார்கள். மறுபடி கால் பட்டது; மறுபடி குனிந்து தொட்டுக் கும்பிட்டாள்; மறுபடி தலையில் தட்டு விழுந்தது. புத்தகத்தில் கால் பட்டால், விளக்குமாற்றில் கால் பட்டால், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்மேல் கால் பட்டால்கூடத் தொட்டு ஒற்றிக்கொண்டு வளர்ந்த உடம்பு. அது யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஆள் என்றால்தானே கும்பிடுகிறாள் என்று நினைத்து, பேச்சி ஒரு சாக்கில் மணலை நிரப்பித் தொங்கவிட்டாள். உலகம்மாள் ஓங்கி ஓர் உதை விட்டாள். சாக்கு ஆடிக்கொண்டு திரும்பி வந்தது. அதைப் பிடித்து நிறுத்தி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"யக்கா! அது மணலு!"

"சாக்கு அரிசிச் சாக்குல்லா?"

கிட்டங்கியே சிரித்தது. உலகம்மாளுக்கு மட்டும் அன்று சிரிப்பு வரவில்லை. கொடைக்குப் பந்தக்கால் நட்டாயிற்று. தெருவில் மைக்செட் கட்டத் தொடங்கிவிட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாங்க முடியாமல் கேட்டாள்.

"இந்தக் கும்பிடை எப்படி வாத்தியாரே விடுதது?"

பேச்சி அவளை எழுப்பி நிறுத்தினாள்.

"இப்ப கும்பிடுங்க. சும்மா. கால் பட்ட மாதிரி நினைச்சுக்கிட்டு."

உலகம்மாள் குனிந்து தொட்டு ஒற்றிக்கொண்டாள்.

"முட்டி எங்கன இருக்கு?"

"மடங்கியிருக்கு."

"உடம்பு?"

"கீழே."

"கை?"

"முன்னாடி."

"கண்ணு?"

உலகம்மாள் தயங்கினாள். "தரையில."

"அதை மட்டும் எடுத்து என் மேல வைங்க" என்றாள் பேச்சி. "மிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கு."

கேட்பதற்குச் சுலபம். செய்கிறவளுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. குனிந்தால் பார்வையும் கூடவே குனியும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். குனிந்தபடியே நிமிர்ந்து பார்ப்பது அவளுக்குத் திமிராகத் தோன்றியது. மரியாதைக் குறைவாகத் தோன்றியது. கழுத்து வலித்தது. கடையில் நட்டுக் கழற்றும்போதும், அடுப்படியில் அரிவாள்மணை முன் உட்காரும்போதும், குனிந்துகொண்டே எதிரில் இருப்பதைப் பார்த்துப் பழகினாள். வாத்தியாரின் தட்டு தலையில் விழுவது மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு நாள் நின்றேபோனது.

கொடை முடிந்தது. சங்கரபாண்டியன் சொன்ன சொல் தவறாத மனிதர். கையில் புதுப் பூட்டோடு வந்தார்.

உலகம்மாள் ஒரு லாரிச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்தபடி திரும்பினார்கள்.

"சாமானை உள்ள எடுத்து வை. ஷட்டரை இழு."

"வேலை பாதியில நிக்கி பெரியத்தான்."

"எதுத்தா பேசுத?"

கை ஓங்கினார். போன தடவை அறைந்த அதே கை. இந்தத் தடவை அது காற்றைத்தான் அறைந்தது. உலகம்மாள் கீழே போயிருந்தாள். அவள் கால் அவருடைய முன்காலை வளைத்து இழுத்தது. மரக்கடை முதலாளி, கோயில் கமிட்டிக்காரர், பின்னால் கிடந்த லாரி டயரின் நடுப்பள்ளத்தில் இடுப்பு மாட்ட உட்கார்ந்தார். பூட்டு உருண்டு ரோட்டுக்குப் போனது.

உலகம்மாள் குனிந்தாள். அவர் காலைத் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தனையும் செய்தபோது அவள் பார்வை அவர் முகத்தை விட்டு ஓர் இமைப்பொழுதும் விலகவில்லை.

"கால் பட்டுட்டு பெரியத்தான். மன்னிச்சிக்கிடுங்க" என்றாள். "கடையைப் பூட்ட மாட்டேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், டயர் விடவில்லை. அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ரோட்டில் கிடந்த பூட்டைக்கூட எடுக்காமல் போனார். உலகம்மாள் மறுபடி உட்கார்ந்து பாதியில் நின்ற நட்டைக் கழற்றினாள். எழுதுகிற எனக்கே அந்த இடத்தில் நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்?

ஊர் சும்மா இருக்குமா? பாதிப்பேர், "பொம்பளன்னா அவதான்" என்றார்கள். மீதிப்பேர், "தள்ளிவிட்டாளாம், உடனே பயந்துபோய்க் கால்ல விழுந்தாளாம்" என்று டீயோடு சேர்த்துக் குடித்தார்கள். அந்தப் பேச்சு உலகம்மாள் காதுக்கும் வந்தது. பெரியத்தான் கை செய்யாத வேலையை அது செய்தது. அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் கிட்டங்கிக்கு வந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கல்லூரிப் பெண்கள் கம்பைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பேச்சி மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறகென்ன? முகம் ஏன் இப்படியிருக்கு?"

"ஒண்ணு கேக்கணும் வாத்தியாரே."

"கேளுங்க."

"கடை பொழைச்சுட்டு. ஆனா அவரைக் கும்பிட்டேனே, அது பழைய பயம்தானோ? உள்ளுக்குள்ள நான் இன்னும் குனிஞ்சுக்கிட்டேதான் இருக்கேனோ? எனக்கே தெரியல."

பேச்சி துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"நில்லுங்க" என்றாள்.

உலகம்மாள் நின்றாள்.

வாத்தியார் பாய்ந்தாள். இத்தனை நாள் சொல்லிக்கொடுப்பதற்காக வீசிய கை இல்லை அது. போட்டியில் வீசுகிற கை. கம்பு பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி, "ஐயோ அக்கா!" என்று கத்தியேவிட்டாள்.

கத்தி முடிப்பதற்குள் உலகம்மாள் அந்தக் கைக்குக் கீழே இருந்தாள். கால் வளைந்தது. பேச்சி வாத்தியாரின் முதுகு தரையில் விழுந்த சத்தம் கிட்டங்கிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

வாத்தியார் வேண்டுமென்று விழவில்லை. அந்தக் கிட்டங்கியில் அவளை அதுவரை யாரும் விழவைத்ததும் இல்லை.

"ஐயய்யோ, வாத்தியாரே! கால் பட்டுட்டே!"

உலகம்மாள் குனிந்து, அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேச்சி எழுந்திருக்கவில்லை. கிடந்தபடியே, தனக்கு நேர்மேலே இமைக்காமல் நின்ற அந்தக் கண்களைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை முதல்முதலாக எழுந்து நடப்பதைப் பார்க்கிறவள் மாதிரி அவள் முகமெல்லாம் பூரித்துப்போயிருந்தது.

"யக்கா" என்றாள். "இப்ப நீங்க கும்பிட்டது எனக்குப் பயந்தா?"